இந்தப் பெயர் விற்பனைக்கு

நடந்து போகும்போது பேனர் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. என்றைக்காவது சாக்கடையில் விழப்போகிறீர்கள் என்று என் மனைவி ஞானசுந்தரி சொல்வாள். இருபது வருடமாகச் சொல்கிறாள், இன்னும் விழவில்லை. வில்லியனூரில் இருந்துகொண்டு பேனர் படிக்காமல் இருக்க முடியாது ஐயா. யாருக்குக் காதுகுத்து, யார் வீட்டில் மஞ்சள் நீராட்டு, யார் செத்துப்போனார் என்பதெல்லாம் எங்களுக்குப் பேனரில்தான் தெரியவரும்.

நடந்ததை இங்கே ஸ்டேஷனிலேயே என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். என்னை யாரும் மிரட்டவில்லை, அடிக்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். அது குறையாகச் சொல்வதல்ல.

என் பெயர் செபாஸ்டின். வயது நாற்பத்தாறு. வில்லியனூர் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து தருவேன். எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கொடுக்கும் தாளைப் பதினோரு வருடமாகக் காசு வாங்காமல் டைப் செய்து கொடுக்கிறேன். குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை. இதையெல்லாம் பெருமைக்காக எழுதவில்லை. நீங்கள் காலையில் என்னைப் பார்த்து ‘திருடன்’ என்று ஒரு வார்த்தை சொன்னீர்கள். அது சரியில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

கடையைத் தவிர எனக்கு இன்னொரு தொழில் இருக்கிறது. ஒரு கடையோ பள்ளிக்கூடமோ இணையத்தில் தனக்கென்று பக்கம் வைக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு பெயர் வேண்டும். டாட் இன், டாட் காம் என்று முடியுமே, அது. உலகத்தில் ஒரு பெயர் ஒருவருக்குத்தான். வருடத்துக்கு எழுநூறோ எண்ணூறோ கட்டினால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உனக்கு எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. முந்தியவனுக்குச் சொந்தம். நான் முந்துவேன். பிறகு அந்தப் பெயர் தேவைப்படுகிறவர் வருவார். விலை பேசுவோம்.

இது சட்டத்துக்கு உட்பட்ட தொழில். புறவழிச்சாலை வரப்போகிறது என்று காதில் விழுந்ததும் பாகூர்ப் பக்கம் நெல் வயலை வளைத்துப்போட்டவர்கள் இருக்கிறார்கள். திருவிழாவில் அவர்களுக்குத்தான் முதல் வரிசை நாற்காலி. நான் ஒரு விவசாயியின் ஒரு சென்ட் நிலத்தைக்கூடத் தொட்டதில்லை. யாருக்கும் சொந்தமில்லாமல் சும்மா கிடந்ததை எடுத்தேன், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் எதற்கும் பேனர்தான் முதலில் வரும், காரியம் பின்னால் வரும். இன்னும் கடைக்கால் தோண்டியிருக்க மாட்டார்கள், பேனரில் கட்டடம் நாலு மாடி நிற்கும். அதில் இணையப் பெயரையும் பெரிதாகப் போட்டுவிடுவார்கள். பேனரில் அடித்துவிட்டாலே பெயர் தங்களுடையதாகிவிட்டது என்று நம்புகிறார்கள். பாகூரில் சுப்புராயன் என்பவர் கல்யாண மண்டபம் கட்ட பூமி பூஜை போட்டபோது அப்படித்தான் பேனரில் பெயர் போட்டார். நான் அன்றைக்கே எடுத்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து என்னைத் திட்டிக்கொண்டே முப்பதாயிரம் கொடுத்தார். திட்டியது திட்டியதுதான், அடுத்த வைகாசியில் மகள் கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வைத்தார். போய் மொய் எழுதிவிட்டு வந்தேன்.

இப்போது மரிய செலின் விஷயத்துக்கு வருகிறேன்.

செலின் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த பெண். என் கடைக்கு நாலு தெரு தள்ளி வீடு. நர்சரிப் பள்ளியில் டீச்சர். கணவன் ஆரோக்கிய பிரகாஷ் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். அவள் ரத்தம் சாதாரண வகை இல்லை. பாம்பே குரூப் என்கிறார்கள், பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருந்தால் அதிகம். அதே வகை ரத்தத்தைத் தவிர வேறு எதையும் அவளுக்கு ஏற்றக்கூடாது. நஞ்சுக்கொடி வேறு கீழே இறங்கியிருந்தது. ஆபரேஷன்தான், ரத்தம் நிறையப் போகலாம், கொடுக்கிறவர் இரண்டு பேரையாவது தேடி வையுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

முதலில் பிரகாஷ் தன் செல் நம்பரைப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ரத்தம் கொடுக்கிறவர் யாரும் கூப்பிடவில்லை. லோன் வேண்டுமா என்று கேட்கிறவன் கூப்பிட்டான், குடித்துவிட்டு அசிங்கமாகப் பேசுகிறவன் கூப்பிட்டான். ஓயாமல் மணி அடித்ததில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழைப்பையே அவன் தவறவிட்டான். அதனால்தான் நம்பரை எடுத்துவிட்டு இணையப் பக்கம் வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். பேனர் கடை வைத்திருக்கும் கலைவேந்தன் இலவசமாகச் செய்து தருவதாகச் சொன்னான். செலின் வயிற்றில் கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு சின்ன வீடியோவும் எடுத்தான். அதன் முடிவில் பெயர் வரும்: செலினுக்கு ரத்தம் டாட் இன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் முனையில் பேனர் ஏறியது. வீடியோவும் அன்றே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கையால் பக்கத்தைத் திறக்க வேண்டும், பெயரைச் சனிக்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார்கள். பேனர் வந்துவிட்டதே, இனி யார் எடுத்துவிடப்போகிறார்கள்.

நான் வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு அந்தப் பேனரைப் படித்தேன். டீக்கடையில் நின்று செல்லில் தட்டிப் பார்த்தேன். பெயர் சும்மா கிடந்தது. எழுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அப்போது என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். இவர்கள் அவசரத்தில் இருக்கிறார்கள், அவசரத்தில் இருப்பவர்கள் பேரம் பேச மாட்டார்கள் என்று நினைத்தேன். நாற்பதாயிரம் வரும் என்று கணக்குப் போட்டேன். செலின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அந்தப் பெயரைத் தட்டுகிறவர்களுக்கு என் வழக்கமான பக்கம் வரும். ‘இந்தப் பெயர் விற்பனைக்கு’ என்று ஒரு வரி. அதன் கீழே, வாங்க விரும்புகிறவர்கள் எழுதுவதற்கு ஒரு கட்டம். அதில் எழுதினால் எனக்கு மெயிலாக வந்துவிடும்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் என் கடைக்கு வந்தார்கள். கம்ப்யூட்டரில் சிக்கல் என்றால் வில்லியனூரில் வேறு எங்கே போவார்கள்? கலைவேந்தன் பதறிக்கொண்டிருந்தான்.

“ணா, எவனோ பேரை எடுத்துட்டான் ணா. பேனர் போட்டு ஒரு நாளுகூட ஆவுல. இன்னா ணா பண்றது?”

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன், நம்பினால் நம்புங்கள். செலின் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது. “கலை, நீ கத்தாத. அண்ணன் பாத்துக்குவாரு” என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எடுத்தவன் நான்தான் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, “யாரோ வெளிநாட்டு ஆளு மாதிரி தெரியுதும்மா. எழுதிக் கேட்டுப் பார்க்கிறேன்” என்றேன்.

நான் மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான். வெளிநாட்டு ஆள் என்று சொன்ன பிறகு அவனுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. விக்டர் என்று வைத்தேன். மெயில் முகவரி ஒன்று வேண்டியிருந்தது, அதையும் உண்டாக்கினேன். பிரகாஷ் தினமும் ஷிஃப்ட் முடிந்து நேராகக் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவான். அவன் பார்த்துக்கொண்டிருக்க நான் விக்டருக்கு ஆங்கிலத்தில் எழுதுவேன். மறுநாள் காலை விக்டராக எனக்குப் பதில் எழுதுவேன். சாயங்காலம் அதைப் பிரகாஷுக்குத் தமிழில் படித்துச் சொல்வேன்.

விக்டர் ஒரு லட்சத்து இருபதாயிரம் கேட்டான். வெளிநாட்டுக்காரன் நாற்பதாயிரம் கேட்டால் நம்பும்படியாக இருக்காது. நான் ஒரு வாரம் பேசித் தொண்ணூறுக்கு இறக்கினேன். பிரகாஷ் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“உன்னாலதான் ணா கொறைஞ்சுது. அந்த ஆளுக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கா ணா? இருந்தா அதைச் சொல்லி எழுதேன்.”

“தெரியலயே பிரகாஷ். அதெல்லாம் சொல்ற ஆளா தெரியல” என்றேன். அன்றைக்குச் செலின் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினாள். ஞானசுந்தரி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பாவம் அந்தப் பெண் என்றாள். நானும் பாவம் என்றேன். உண்மையாகவே எனக்குப் பாவமாக இருந்தது.

வேறு பெயர் வாங்கிப் பக்கம் திறந்தால் என்ன என்று நீங்கள் கேட்டீர்கள். திறந்தார்கள். கலைவேந்தன் புது வீடியோவும் விட்டான். ஆனால் செலின் பேசிய முதல் வீடியோ குவைத், சிங்கப்பூர், பாரிஸ் என்று போய்ச் சேர்ந்துவிட்டது. அதைப் பார்த்து அழுதவர்கள் புது வீடியோவை, இதுதான் ஏற்கெனவே அனுப்பியாயிற்றே என்று விட்டுவிட்டார்கள். பழைய பெயருக்கு ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பேர் வந்தார்கள். இத்தனை வருடத்தில் என்னிடம் இருந்த எந்தப் பெயருக்கும் அவ்வளவு பேர் வந்ததில்லை. அதனால்தான் பிரகாஷும் அந்தப் பெயரையே வேண்டும் என்றான். பாரிஸில் இருக்கும் அவன் அக்கா, ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும் முழுத் தொகையையும் அனுப்புகிறேன் என்று சொன்னாள். ஆபரேஷன் ஐந்தாம் தேதிதான். நாள் இருக்கிறது என்று நினைத்தேன். எல்லோரும்தான் நினைத்தார்கள்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விசுவாசிகளின் மன்றாட்டுகளில் நாலாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்லி சாமியார் எழுதிக் கொடுத்தார். ‘எங்கள் சகோதரி மரிய செலினுக்கு உதவும் பெயரைத் தன்னிடம் வைத்திருக்கும் அந்த மனிதரின் உள்ளத்தைத் தொட்டருள வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.’ நான்தான் டைப் செய்தேன். ‘மனிதரின்’ என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, திருத்தினேன். பூசையில் எல்லோரும் எழுந்து நின்று, ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள். நானும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் ஞானசுந்தரி திரும்பிப் பார்த்தாள்.

அன்று மத்தியானம் கடையைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விக்டரின் மனம் இளகிவிட்டது என்று ஒரு மெயில் எழுதியிருந்தால் போதும். ஊரே ஆண்டவர் புதுமை செய்துவிட்டார் என்று கொண்டாடியிருக்கும். எழுத ஆரம்பித்தேன்கூட. ஆனால் பாரிஸ் அக்கா ஒப்புக்கொண்ட விலை அது. பேசி முடித்த விலையை வாங்குகிறவர் கேட்காமல் விற்கிறவனே குறைக்கிற வழக்கம் எங்கும் இல்லை. சந்தேகம் வரும். இரண்டு வாரம்தானே, ஒழுங்காக முடியட்டும் என்று அழித்துவிட்டேன்.

இருபத்திமூன்றாம் தேதி காலை செலினுக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்தது. துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சென்னையிலிருந்து வந்த ஒரு பாட்டில் தயாராக இருந்தது, ஏற்றினார்கள். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. பெங்களூரில் ஒருவர் கொடுத்து, அதைக் காரில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கார் செஞ்சி தாண்டியபோது செலின் இறந்துவிட்டாள். டாக்டர்கள்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. இல்லாத ரத்தத்தை அவர்கள் எங்கிருந்து கொண்டுவருவார்கள்?

அடக்கத்துக்கு நான் தோள் கொடுத்தேன். நினைவு அட்டையை நான்தான் அச்சடித்தேன், காசு வாங்கவில்லை. மூன்றாம் நாள் விக்டரிடமிருந்து, ஆழ்ந்த அனுதாபங்கள், பெயரை இலவசமாகவே தருகிறேன் என்று கடிதம் வந்தது. பிரகாஷிடம் படித்துக் காட்டினேன். “இனிமே அது எதுக்கு ணா” என்றான். பிறகு, குழந்தையின் ஞானஸ்நானத்தில் நீதான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று என்னைக் கேட்டான். செலின் ஆசைப்பட்டிருந்தாளாம். நான் அழுதுவிட்டேன். அந்த அழுகையில் பொய் இல்லை.

ஒரு விஷயத்தை நான் தேதிப்படி முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன்.

விற்பனைப் பக்கத்தின் அந்தக் கட்டத்தில் பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். பத்துப் பேர் செபம் செய்கிறோம் என்றோ, பொறுக்கி என்றோ எழுதியிருந்தார்கள். பதினோராவது கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. எனக்கு மனப்பாடம். ‘வணக்கம். அக்கா பேசிய வீடியோ பார்த்தேன். காலேஜில் ரத்தம் கொடுத்தபோது எனக்கும் இதே குரூப் என்று சொன்னார்கள். எந்தப் பட்டியலிலும் என் பெயர் இருக்காது. நெட்டப்பாக்கத்தில் இருக்கிறேன். எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன். அன்புராஜ்.’ கீழே செல் நம்பர்.

நெட்டப்பாக்கம் இங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

கொடுத்திருக்கலாமே என்பீர்கள். என் கையில் அது எப்படி வந்தது என்று பிரகாஷ் கேட்டால் என்ன சொல்வது? விக்டர் அனுப்பியதாகச் சொல்லலாம்தான். ஆனால் அந்தக் கடிதத்துக்காகத்தானே அவர்கள் பெயரையே கேட்டார்கள். கடிதம் கைக்குப் போய்விட்டால் பெயரை யார் வாங்குவார்கள்? ஒன்றாம் தேதி பணம் வந்ததும் பெயரோடு கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுவதாக இருந்தேன். ஐந்தாம் தேதிக்கு நாலு நாள் இருக்கும். அன்புராஜ் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவான். யாருக்கும் நஷ்டம் இல்லாதபடிதான் நான் யோசித்திருந்தேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. பன்னிரண்டாம் தேதி மத்தியானம் அவன் நம்பரை அழுத்தினேன். இரண்டு முறை மணி அடித்தது. பயந்து வைத்துவிட்டேன். அவன் திரும்பக் கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை. இந்த முழு விவகாரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்த மிஸ்டு கால்தான். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அதனால்தான் மாட்டினேன்.

அன்புராஜ் போன வாரம் பஸ்ஸில் போகும்போது கோயில் முனையில் செலினின் கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்திருக்கிறான். வீடியோவில் இருந்த அதே முகம். இறங்கி, விசாரித்துக்கொண்டு பிரகாஷ் வீட்டுக்குப் போய்விட்டான். ‘நான் எழுதினேன், யாரும் கூப்பிடவில்லை, ஒரே ஒரு மிஸ்டு கால் மட்டும் வந்தது’ என்று சொல்லித் தன் செல்லைக் காட்டியிருக்கிறான். பிரகாஷ் அந்த நம்பரைத் தன் செல்லில் தட்டிப் பார்த்திருக்கிறான். ‘செபாஸ்டின் அண்ணா’ என்று வந்திருக்கிறது.

அவன் கடைக்கு வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தான். கத்தவில்லை. செல்லை என் கீபோர்டுமேல் வைத்தான்.

“ணா, இது உன் நம்பருதான?”

“ஆமா.”

“அப்ப அந்த ஆளு யாரு ணா?”

ஜெராக்ஸ் எடுக்க ஒரு அம்மா வந்தார்கள், அப்புறம் வாங்க என்றேன்.

“அந்தப் பையன் எழுதுனதப் படிச்சியா?”

“படிச்சேன்.”

“எப்ப?”

“ஒன்பதாம் தேதி சாயங்காலம். ஆறே முக்கால் இருக்கும்” என்றேன்.

“அப்ப நான் எங்க ணா இருந்தேன்?”

“இங்கதான் பிரகாஷ். இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருந்த.”

அவன் எழுந்து போய்விட்டான். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறான். நான் ஓடவில்லை என்பதை நீங்களே பார்த்தீர்கள். நீங்கள் வரும்போது கடையைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

பெயரை எடுத்தவன் நான். விக்டர் என்று யாரும் இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டுப் பதினான்கு நாள் வைத்திருந்தவன் நான். செலின் சாவுக்கு அதுதான் காரணம் என்று நீங்கள் எழுதினால் நான் மறுக்கப் போவதில்லை. இன்னும் எட்டு நாள் அவள் பொறுத்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும் என்பதையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசைக்குப் பிறகு குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் நான்தான், பிரகாஷ் இதுவரை வேண்டாம் என்று என்னிடம் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் அனுப்பினால் போதும். ஆனி செலின் என்று பெயர் வைக்கிறார்கள், ஞானஸ்நானத் தாளை டைப் செய்தபோது பார்த்தேன். இந்தக் காலத்தில் எவன் எதை எடுத்துவிடுவான் என்று சொல்ல முடியாது ஐயா, அதனால் அந்தப் பெயரை அன்றைக்கே நான் வாங்கி வைத்துவிட்டேன். நாளைக்குப் பிள்ளை வளர்ந்து, பிரகாஷ் வந்து கேட்டால், வாங்கிய விலைக்கே கொடுத்துவிடுவேன்.